கப்பல் விபத்தும் கடலில் எண்ணெயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கப்பல் தரைதட்டிவிட்டது, எண்ணெய் கசிகிறது என்று செய்தி வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை டன்?" என்றுதான். அதற்கும் கீழே பதில் உண்டு. ஆனால் சேதம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வேறு மூன்று: கொட்டியது என்ன எண்ணெய், அது எந்தக் கரைக்குப் போகிறது, முதல் இரண்டு மூன்று நாட்கள் எப்படிக் கழிந்தன. கீழே உள்ள பதில்கள் சுற்றிச் சுற்றி இந்த மூன்றுக்கே வரும்.

எண்ணெய்க் கப்பலில்தானே எண்ணெய் கசியும்? மற்ற கப்பல்களுக்கு என்ன சம்பந்தம்?

கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே எண்ணெயில்தான் ஓடுகின்றன. பெரிய சரக்குக் கப்பல் என்றால் அதன் சொந்த எரிபொருளே ஆயிரக்கணக்கான டன் இருக்கும். துறைமுகங்களில் இதை 'பங்கர்' என்பார்கள். 2020 ஜூலை 25 அன்று மொரீஷியஸ் தீவின் பவளப்பாறையில் ஏறி நின்ற வகாஷியோ கப்பலில் சரக்கே கிடையாது, காலியாகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் எரிபொருள் மட்டும் சுமார் 3,900 டன். அதில் ஏறத்தாழ 1,000 டன் வெளியே வந்ததற்கே அந்தக் கரையோரம் கறுத்துப்போனது. 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் 640 கன்டெய்னர்களை ஏற்றிவந்தது. எண்ணெய்க் கப்பல் அல்ல. அதன் தொட்டிகளிலும் 367 டன் ஃபர்னஸ் ஆயில் என்ற கனமான எரிபொருளும் 84 டன் டீசலும் இருந்தன.

பங்கர் எண்ணெய் பெரும்பாலும், சுத்திகரிப்பில் பெட்ரோல், டீசல் எல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் கனமான பகுதியிலிருந்து வருவது. தாரைப் போல் கெட்டியானது. எளிதில் ஆவியாகாது, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் "அது டேங்கர் இல்லை, சாதாரணச் சரக்குக் கப்பல்தான்" என்று யாராவது ஆறுதல் சொன்னால் நிம்மதி அடைய வேண்டாம்.

விபத்துகள் எப்படி நடக்கின்றன?

பெரிய கசிவுகளில் பாதிக்கும் மேல் இரண்டே காரணங்கள்: கப்பல் தரைதட்டுவது, அல்லது இன்னொரு கப்பல் மோதுவது. அதற்கடுத்து கப்பலின் உடல் உடைவது, தீ, இயந்திரக் கோளாறு.

1967 மார்ச் 18 அன்று டோரி கேன்யன் என்ற டேங்கர் இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அருகே செவன் ஸ்டோன்ஸ் பாறைத் தொடரில் மோதியது. துறைமுகத்தில் நீர் ஏறியிருக்கும் நேரத்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காகக் குறுக்குவழியில் போன கப்பல் அது. சுமார் 1.19 லட்சம் டன் கச்சா எண்ணெய் போனது. 1978-இல் அமோகோ காடிஸ் என்ற டேங்கர் பிரான்சின் பிரிட்டனி கரையருகே வந்தபோது சுக்கானைத் திருப்பும் இயந்திரம் செயலிழந்தது. சுமார் 2.2 லட்சம் டன். 2007 டிசம்பரில் தென்கொரியாவின் தேயான் கடலில் ஹெபெய் ஸ்பிரிட் என்ற டேங்கர் நங்கூரமிட்டு சும்மா நின்றுகொண்டிருந்தது. இழுவைக் கயிறு அறுந்து வந்த ஒரு கிரேன் படகு அதன்மேல் மோதியது. வகாஷியோவோ, மாலுமிகளின் கைபேசிகளுக்கு சிக்னல் கிடைக்க வேண்டும் என்று கரையை ஒட்டிப் போனது. ஜப்பானின் விபத்து விசாரணை அறிக்கையே இதைச் சொல்கிறது.

இவற்றில் பலவற்றை 'மனிதத் தவறு' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. 1989-இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் என்ற டேங்கர் பாறையில் ஏறியபோது கப்பலைச் செலுத்திக்கொண்டிருந்த அதிகாரி போதிய ஓய்வில்லாமல், அளவுக்கு மீறிய வேலைச் சுமையில் இருந்தார் என்று அமெரிக்க விசாரணை வாரியம் கண்டது. ஆட்களைக் குறைத்து, அவர்களைத் தூங்கவிடாமல் வேலை வாங்கினால் தவறு நடக்கத்தான் செய்யும். அதில் கப்பலை இயக்கும் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

சரி, எத்தனை டன் என்பது முக்கியமே இல்லையா?

முக்கியம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. மூன்று விபத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கப்பல் விபத்துகளில் மிக அதிகமாக எண்ணெய் போனது 1979 ஜூலையில். டொபாகோ தீவுக்கு அப்பால் அட்லான்டிக் எம்ப்ரஸ் இன்னொரு டேங்கருடன் மோதி எரிந்தது. சுமார் 2.87 லட்சம் டன். மாலுமிகள் பலர் உயிரிழந்தார்கள். ஆனால் எண்ணெயில் பெரும்பகுதி நடுக்கடலிலேயே எரிந்தும் சிதறியும் போனதால் கரைகளில் அதன் சுவடு மிகக் குறைவு. இன்று அந்தப் பெயர் பலருக்குத் தெரியாது.

எக்ஸான் வால்டீஸில் போனது சுமார் 37,000 டன். மேலே சொன்னதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அது குளிர்ந்த, பெரும்பாலும் மூடிய விரிகுடா. எண்ணெய் எளிதில் சிதறிப் போகவில்லை. சுமார் 2,100 கிலோமீட்டர் கரையில் அது படிந்தது. இரண்டரை லட்சம் கடற்பறவைகளும் 2,800 கடல் நீர்நாய்களும் செத்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

மூன்றாவது, 1993 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஷெட்லாண்ட் தீவில் மோதிய பிரேயர். சுமார் 85,000 டன், எக்ஸான் வால்டீஸைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது லேசான கச்சா எண்ணெய். அப்போது அடித்த கடும் புயலில் அலைகள் அதைக் கலக்கி நீருக்குள் சிதறடித்துவிட்டன. கரையில் ஒதுங்கியது மிகச் சொற்பம். சேதமே இல்லை என்று சொல்லவில்லை. மீன் பண்ணைகள் கடுமையாக அடிபட்டன. ஆனால் எல்லோரும் பயந்த கறுத்த கடற்கரை அங்கே வரவில்லை.

தண்ணீரில் விழுந்ததும் எண்ணெய்க்கு என்ன ஆகிறது?

முதலில் பரவும். கூடவே ஆவியாகத் தொடங்கும். லேசான கச்சா எண்ணெய் என்றால் முதல் ஓரிரு நாளிலேயே கணிசமான பகுதி காற்றில் போய்விடும். கனமான ஃபர்னஸ் ஆயிலில் அப்படிப் போவது வெகு குறைவு.

அப்புறம் வருவதுதான் பெரிய தலைவலி. அலை அடிக்க அடிக்கத் தண்ணீர்த் துளிகள் எண்ணெய்க்குள் புகுந்து, எண்ணெயும் நீரும் கலந்த பழுப்பு நிறக் களிம்பாக மாறும். இதில் 70 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். அதாவது 100 டன் எண்ணெய் 400, 500 டன் களிம்பாகிவிடும். பம்பில் ஏறாது, தீப்பிடிக்காது, எண்ணெயைச் சிதறடிக்கத் தெளிக்கும் மருந்துக்கும் மசியாது. இந்த மாற்றம் நடக்கச் சில மணி நேரமோ சில நாட்களோ போதும். அதற்குள் கடலிலேயே எதையாவது செய்ய முடிந்தால் உண்டு.

கடைசியில் மிஞ்சுவது தார் உருண்டைகள். கடற்கரையில் காலில் ஒட்டுமே, அதுதான். ஒன்றைக் குச்சியால் உடைத்துப் பார்த்தால் வெளியே காய்ந்த பொருக்கு, மணலும் கிளிஞ்சல் துகளும் அப்பியிருக்கும். உள்ளே இன்னும் பிசுபிசுவென்று ஈரம் இருக்கும். அந்த வெளிப் பொருக்குதான் உள்ளே காற்று புகாமல் காத்து, உருண்டையை நீண்ட காலம் சிதையவிடாமல் வைத்திருக்கிறது.

பல சதுர கிலோமீட்டருக்கு எண்ணெய்ப் படலம் என்கிறார்களே, அது எவ்வளவு எண்ணெய்?

பரப்பளவை மட்டும் சொன்னால் ஏமாந்துவிடுவோம். நிறத்தைக் கேளுங்கள். வானவில் நிறத்தில் மின்னும் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிமன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு சதுர கிலோமீட்டர் முழுவதும் பரவியிருப்பது வெறும் 1,000 லிட்டர். அதே ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் கறுப்பாக நின்றால் பத்து லட்சம் லிட்டர். ஒரே பரப்பு, ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதனால்தான் கண்காணிப்பு விமானத்தில் போகிறவர்கள் கறுப்பும் பழுப்புமான திட்டுகள் எங்கே என்று தேடுகிறார்கள். கப்பல்களை அங்கேதான் அனுப்ப வேண்டும்.

படலம் எந்தப் பக்கம் போகும் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. நீரோட்டம் போகும் வேகத்தில் எண்ணெயும் போகும். கூடவே காற்றின் வேகத்தில் சுமார் 3 சதவீதம் சேரும். மணிக்கு 37 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு நாளில் எண்ணெயை 27 கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய்விடும்.

முதல் நாள் சொல்லும் அளவும் பிறகு சொல்லும் அளவும் ஏன் ஒத்துப்போவதில்லை?

நியாயமான காரணம் ஒன்று உண்டு. உடைந்த தொட்டியில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு மிச்சம் என்று அளந்து பார்க்க ஆட்கள் கப்பலில் ஏற வேண்டும். கப்பல் சாய்ந்தோ எரிந்தோ கிடந்தால் அது முடியாது.

நியாயமில்லாத காரணமும் உண்டு: குறைத்துச் சொல்லும் பழக்கம். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் அருகே டான் காஞ்சிபுரம், பிடபிள்யூ மேப்பிள் என்ற இரு கப்பல்கள் மோதின. முதல் நாட்களில் வெளியே சொல்லப்பட்ட அளவுக்கும், பிறகு கரையிலிருந்து அள்ளிய கசடின் அளவுக்கும் சம்பந்தமே இல்லை. கசடில் நீரும் மணலும் கலந்திருக்கும் என்பது உண்மை. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிது. இது வெறும் கணக்குத் தகராறு என்று நினைக்கக் கூடாது. சிறிய கசிவு என்று சொன்னால் சிறிய ஏற்பாடுதான் நடக்கும். அங்கே இளைஞர்களும் மீனவர்களும் வாளியால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்த படங்கள் பலருக்கும் நினைவிருக்கும். பயந்து கூடுதலாகச் சொல்லிவிட்டு, தேவைப்படாத கருவிகளைத் திருப்பி அனுப்புவது எவ்வளவோ மேல்.

மிதவைத் தடுப்பு போட்டு வளைத்துவிட முடியாதா?

கடலில் மிதக்கும் நீண்ட குழாய் வேலியை 'பூம்' என்பார்கள். அமைதியான நீரில் அது அருமையான கருவி. ஆனால் நீரோட்டம் நேராக வந்து மோதும்போது, வேகம் 0.7 நாட் என்ற அளவைத் தாண்டினாலே எண்ணெய் வேலிக்கு அடியில் நழுவிப் போய்விடும். 0.7 நாட் என்பது மணிக்கு 1.3 கிலோமீட்டர், ஒருவர் மெதுவாக நடக்கும் வேகம்கூட இல்லை. ஆகவே அனுபவசாலிகள் நீரோட்டத்துக்குக் குறுக்கே போட மாட்டார்கள். சாய்வாகப் போட்டு, எண்ணெயை நீர் அடங்கிய ஒரு மூலைக்கு ஒதுக்கி, அங்கே ஸ்கிம்மர் என்ற உறிஞ்சும் கருவியை வைத்து எடுப்பார்கள்.

திறந்த கடலில் இப்படி எடுக்க முடிவது கொட்டியதில் 10 முதல் 15 சதவீதம் இருந்தாலே நல்ல வேலை. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். எனவே இருக்கிற பூம்களை எதைக் காப்பாற்றப் போடுவது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும்: ஆற்று முகத்துவாரம், அலையாத்திக் காடு, மீன் பண்ணை, குடிநீராக்கும் ஆலையின் நீர் எடுக்கும் வாய். விபத்து நடந்த பிறகு வரைபடத்தை விரித்துவைத்து விவாதிக்க நேரம் இருக்காது.

மருந்து தெளித்துக் கரைத்துவிடலாமே?

தெளிப்பது டிஸ்பர்சன்ட் எனப்படும் ரசாயனம். இது எண்ணெயை இல்லாமல் ஆக்குவதில்லை. படலத்தைப் பொடித் துளிகளாக உடைத்து நீருக்குள் அனுப்புகிறது, அவ்வளவுதான். மேலே பறவைக்கும் கரைக்கும் ஆபத்து குறையும். கீழே மீன் குஞ்சுக்கும் பவளத்துக்கும் கூடும். ஆழமான, கரையிலிருந்து தள்ளியிருக்கும் கடலில், எண்ணெய் புதிதாக இருக்கும்போதே தெளித்தால் பெரும்பாலும் லாபம். ஆழமில்லாத காயலிலோ பவளப்பாறைக்கு மேலேயோ தெளிப்பதற்கு நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இந்தப் பாடத்தை உலகம் கற்றது டோரி கேன்யனில். அன்று கையில் இருந்தது நச்சுத்தன்மை மிக்க தொழிற்சாலை டிடர்ஜென்ட். பத்தாயிரம் டன்னுக்கு மேல் கடலிலும் பாறையிலும் கொட்டினார்கள். எண்ணெயிலிருந்து தப்பிப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகள் அந்த டிடர்ஜென்ட்டில் செத்தன. எண்ணெய் பட்டும் மருந்து படாத பாறைகள் இரண்டு மூன்று ஆண்டுகளில் தேறின. மருந்தில் குளித்தவை தேறப் பத்து ஆண்டுக்கு மேல் ஆயிற்று. இன்றைய மருந்துகள் அவ்வளவு கொடியவை அல்ல. ஆனாலும் ஏதாவது செய்துகொண்டிருப்பதாகக் காட்ட மட்டும் விமானத்திலிருந்து தெளிப்பதை இன்றும் பார்க்கிறோம்.

கொளுத்திவிட்டால்?

படலம் குறைந்தது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருந்தால்தான் எரியும். மெலிந்ததோ நீர் கலந்ததோ எரியாது. டோரி கேன்யன்மேல் போர் விமானங்கள் குண்டு வீசி, மண்ணெண்ணெய் ஊற்றிக்கூடக் கொளுத்திப் பார்த்தார்கள். கொஞ்சம் எரிந்தது, மிச்சம் கடலில் போனது.

எண்ணெய் தின்னும் பாக்டீரியா பற்றி?

உண்மைதான். அல்கானிவோராக்ஸ் போன்ற நுண்ணுயிர்கள் கடலில் இயல்பாகவே இருக்கின்றன. எண்ணெய் வந்ததும் பெருகும். புட்டியில் அடைத்துக் கொண்டுவந்து ஊற்றினால் வேலை வேகமாகும் என்பதுதான் பெரும்பாலும் பொய்த்துப்போகிறது. அவற்றுக்குக் குறைவாக இருப்பது நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஆக்சிஜனும். எக்ஸான் வால்டீஸ் கரைகளில் உரம் தூவியபோது ஓரளவு பலன் கிடைத்தது. ஆனால் இது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் நடக்கும் வேலை. கெட்டியான தாரை அவையும் எளிதில் தொடாது.

கரையில் படிந்துவிட்டது. எப்படிச் சுத்தம் செய்வது?

கரைக்கு ஏற்றபடி. மணற்கரை என்றால் மேலே இருப்பதை ஆட்கள் மண்வெட்டியால் வழித்தெடுப்பதே சிறந்தது. இயந்திரத்தை இறக்கினால் சக்கரம் எண்ணெயை மணலுக்குள் அழுத்தும், நல்ல மணலும் சேர்ந்து போகும். பாறைக்கரையில் வெந்நீரைப் பீய்ச்சி அடித்தால் பளிச்சென்று ஆகிவிடும், படமும் நன்றாக வரும். அலாஸ்காவில் அதைத்தான் செய்தார்கள். அந்த வெந்நீர் எண்ணெயோடு சேர்த்துப் பாசியையும் சிப்பியையும் அவித்துவிட்டது. அப்படிக் கழுவிய கரைகளில் உயிரினங்கள் திரும்பி வருவது தாமதப்பட்டது என்று பிறகு தெரிந்தது.

அலையாத்திக் காடு எல்லாவற்றிலும் மோசமான இடம். அந்த மரங்கள் சேற்றிலிருந்து மேலே நீட்டும் மூச்சுவேர்கள் வழியாகக் காற்றை எடுக்கின்றன. வேரின் துளைகளை எண்ணெய் அடைத்தால் மரம் மூச்சுத் திணறி, வாரங்களோ மாதங்களோ கழித்து இலை உதிர்த்துச் சாகும். உதவப் போகிறவர்கள் சேற்றில் இறங்கி மிதித்தால் எண்ணெய் வேர் வரை இறங்கிவிடும். மெல்லிய படலம் என்றால் நீர் ஏறி இறங்க விட்டுவிடுவதே சில நேரம் சரியான முடிவு. சும்மா இருப்பதாக ஊர் திட்டும், திட்டினாலும் பரவாயில்லை.

கழிவு இன்னொரு மலை. 1999 டிசம்பரில் பிரான்சுக்கு அருகே எரிகா இரண்டாக உடைந்து சுமார் 20,000 டன் கனமான எண்ணெய் கொட்டியது. அள்ளிய மணல், பாசி, துணி, கையுறை எல்லாம் சேர்ந்து கழிவு இரண்டு லட்சம் டன்னைத் தாண்டியது. அள்ளும் முதல் நாளே, எங்கே கொட்டுவது என்று முடிவாகியிருக்க வேண்டும். கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைப்பது தீர்வே இல்லை. அடுத்த பெரிய அலையில் அது வெளியே வந்துவிடும்.

நானும் போய் உதவலாமா?

போகலாம், யாராவது பொறுப்பெடுத்து ஒருங்கிணைக்கிறார்கள் என்றால். ஹெபெய் ஸ்பிரிட் விபத்துக்குப் பிறகு தேயானில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் வந்து பாறை பாறையாகத் துடைத்தார்கள். அது பெரும் செயல். அதே நேரம் புதிய எண்ணெயிலிருந்து வரும் ஆவியில் பென்சீன் போன்ற நச்சுகள் உண்டு. தலைவலி, குமட்டல், கண் எரிச்சல் வந்தால் உடனே விலகிவிட வேண்டும். எண்ணெய் புகாத கையுறை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஆவிக்கு ஏற்ற முகக் கவசம் இல்லாமல் இறங்காதீர்கள். சாதாரணத் துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வேண்டாம்.

மிகப் பயனுள்ள உதவி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: எண்ணெய் வந்து சேரும் முன்பே கரையில் கிடக்கும் குப்பை, கட்டை, பழைய வலை எல்லாவற்றையும் அப்புறப்படுத்துவது. எண்ணெய் படிந்துவிட்டால் அந்தக் குப்பை முழுவதும் நச்சுக் கழிவாகிவிடும்.

எண்ணெயில் நனைந்த பறவையைப் பார்த்தால் என்ன செய்வது?

நீங்களே கழுவாதீர்கள். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டாக, கதகதப்பாக வைத்துக்கொண்டு வனத்துறைக்கோ விலங்கு மீட்புக் குழுவுக்கோ சொல்லுங்கள். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு குளிரைத் தடுக்க முடியாமல் போகிறது. பறவை அலகால் இறகைக் கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போகிறது. அந்த நிலையில் பிடித்துத் தேய்த்தால் அதிர்ச்சியிலேயே செத்துவிடும். பயிற்சி பெற்றவர்கள் முதலில் குழாய் வழியாகத் திரவ உணவு கொடுத்து, ஓரிரு நாள் தேற்றிய பிறகுதான் தொடுவார்கள். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் தொட்டி தொட்டியாக மாற்றிக் கழுவி, கண்ணைச் சுற்றிச் சிறிய பிரஷ்ஷால் துடைப்பார்கள். கழுவுவதைவிட அலசுவதற்கு அதிக நேரம் ஆகும். சோப்பு ஒரு துளி மிஞ்சினாலும் இறகு நீரை உள்ளே விட்டுவிடும். நீர் இறகில் தங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடினால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

2000 ஜூனில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் அருகே ட்ரெஷர் என்ற இரும்புத்தாதுக் கப்பல் மூழ்கியது. கொட்டியது சுமார் 1,300 டன் எரிபொருள்தான், ஆனால் பென்குவின்கள் வாழும் இரண்டு தீவுகளுக்கு நடுவே. எண்ணெயில் நனைந்த சுமார் 19,000 பென்குவின்களைப் பிடித்து ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். இன்னும் நனையாத சுமார் 19,500-ஐ என்ன செய்வது? லாரிகளில் ஏற்றிக் கிழக்கே பல நூறு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய்க் கடலில் விட்டார்கள். அவை வீட்டை நோக்கி நீந்தத் தொடங்கின. மூன்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, பீட்டர், பமீலா, பெர்சி என்று பெயரும் வைத்திருந்தார்கள். ஊரே தினமும் அவற்றின் பயணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவை நீந்தி வந்துசேர இரண்டு மூன்று வாரம் ஆனது, அதற்குள் தீவுகளைச் சுற்றியிருந்த எண்ணெய் பெரும்பாலும் அகன்றிருந்தது. நனைந்த பறவைகளைக் கழுவுவதோடு நிற்காமல், நனையாதவற்றை முதலிலேயே அப்புறப்படுத்தினார்களே, அதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த முடிவு.

அந்தப் பகுதி மீனைச் சாப்பிடலாமா?

மீன்பிடிக்கத் தடை நீங்கும் வரை வேண்டாம். துடுப்புள்ள மீன்கள் பெரும்பாலும் விலகிப் போய்விடும். உடலில் ஏறியதையும் சில வாரங்களில் கழித்துவிடும். சிப்பி, மட்டி வகைகள் நகர முடியாதவை, நீரை வடிகட்டி உண்பவை. அவற்றில் எண்ணெய் நீண்ட நாள் தங்கும். தடையை நீக்கும் முன் ஆய்வகச் சோதனையோடு, பயிற்சி பெற்றவர்கள் முகர்ந்தும் சுவைத்தும் பார்ப்பார்கள். விற்கிறவர்களுக்கு இதில் தனித் துயரம் உண்டு: மீன் நன்றாக இருந்தாலும் வாங்க ஆள் வராது. அந்த இழப்பும் நஷ்டஈட்டுக்கு உரியதுதான்.

நஷ்டஈடு யார் கொடுப்பார்கள்?

டேங்கரிலிருந்து கொட்டினால், 1992-ஆம் ஆண்டின் பன்னாட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில், தவறு யாருடையது என்று நிரூபிக்கத் தேவையில்லை. கப்பல் உரிமையாளரின் காப்பீடு முதலில் கொடுக்கும். அது போதாவிட்டால் எண்ணெய் இறக்குமதி செய்யும் நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் பன்னாட்டு நிதி கொடுக்கும். இரண்டும் சேர்ந்து உச்சவரம்பு 20.3 கோடி எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. கூடுதல் நிதியிலும் சேர்ந்த நாடுகளுக்கு மொத்தம் 75 கோடி வரை. அமெரிக்கா இதில் சேரவில்லை. எக்ஸான் வால்டீஸுக்குப் பிறகு 1990-இல் சொந்தச் சட்டம் போட்டுக்கொண்டது.

டேங்கர் அல்லாத கப்பலின் எரிபொருள் கொட்டினால் 2008-இல் நடைமுறைக்கு வந்த பங்கர் ஒப்பந்தம்தான். அதில் இரண்டாவது நிதி கிடையாது. காப்பீட்டின் வரம்போடு சரி. வகாஷியோவில் பாதிக்கப்பட்டவர்கள் மாட்டிக்கொண்டது இந்த ஓட்டையில்தான். அதே கரை, அதே கறுப்பு, ஆனால் கொட்டிய கப்பலின் வகை வேறு என்பதற்காக நஷ்டஈடு குறைவது பெரிய அநியாயம். இதை மாற்றியே ஆக வேண்டும்.

மீனவர்கள் முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டியது: தேதியோடு படம் எடுங்கள். எண்ணெய் பட்ட வலையை எறியாமல் ஒரு துண்டாவது வையுங்கள். முந்தைய ஆண்டுகளின் விற்பனைச் சீட்டு, டீசல் ரசீது, ஏலக் கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் சட்டப்படி நடவடிக்கை தொடங்கியிருக்க வேண்டும். எப்படியும் விபத்து நடந்து ஆறு ஆண்டைத் தாண்டக் கூடாது.

சேதமடைந்த கப்பலைத் துறைமுகத்துக்குள் விடலாமா, துரத்த வேண்டுமா?

2002 நவம்பரில் ஸ்பெயினின் கலீசியா அருகே பிரஸ்டீஜ் என்ற பழைய டேங்கரின் பக்கவாட்டில் பிளவு விழுந்தது. பக்கத்து நாடுகள் எதுவும் உள்ளே விடவில்லை. நடுக்கடலுக்கு இழுத்துப் போகச் சொன்னார்கள். ஆறு நாள் அலைகளில் அடிபட்டு அது இரண்டாக உடைந்து மூழ்கியது. சுமார் 63,000 டன் எண்ணெய் ஸ்பெயின் முதல் பிரான்ஸ் வரை கரைகளில் ஒதுங்கியது. உள்ளே விட்டிருந்தால் ஒரு விரிகுடா பாழாகியிருக்கலாம், உண்மைதான். ஆனால் ஒதுங்கிய, அமைதியான நீரில் நிறுத்தி எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றியிருக்க வாய்ப்பும் இருந்தது. கண்ணுக்கு மறைவாக அனுப்பியதால் கசிவு பெரிதாகி, பல கரைகளுக்குப் பங்குபோட்டதுதான் மிச்சம். கடலடியில் 3,500 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கிடந்த உடைந்த பாகத்திலிருந்து மீதி எண்ணெயை எடுக்க 2004-இல் தொலைவிலிருந்து இயக்கும் கருவிகளை இறக்க வேண்டியிருந்தது.

நிலைமை இப்போது மேம்பட்டிருக்கிறதா?

மிக நன்றாகவே. டேங்கர்களிலிருந்து 7 டன்னுக்கு மேற்பட்ட கசிவு 1970-களில் ஆண்டுக்கு சராசரியாக 79 நடந்தது. 2010-களில் ஆண்டுக்கு ஆறு. இத்தனைக்கும் கடலில் போகும் எண்ணெய் குறையவில்லை. 1996-க்குப் பிறகு கட்டும் டேங்கர்களுக்கு இரட்டைச் சுவர் கட்டாயம். பெரிய கப்பல்களில் வெளிச் சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே சுமார் இரண்டு மீட்டர் இடைவெளி இருக்கும். மெதுவாகத் தரைதட்டினால் சேதம் வெளிச் சுவரோடு போய்விடும். வேகமாக மோதினால் அதுவும் காப்பாற்றாது. 2018 ஜனவரியில் கிழக்குச் சீனக் கடலில் மோதி எரிந்து மூழ்கிய சாஞ்சி இரட்டைச் சுவர்க் கப்பல்தான். அதிலிருந்த 32 பேரும் இறந்தார்கள்.

கவலை இப்போது வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சரியான காப்பீடு இல்லாமல், பதிவு செய்த நாட்டின் கொடியை மாற்றி மாற்றி ஓடும் பழைய டேங்கர்கள் பெருகியிருக்கின்றன. அவற்றில் ஒன்று உடைந்தால், மேலே சொன்ன நஷ்டஈட்டு ஏற்பாட்டில் முதலில் பணம் தர வேண்டியவரையே கண்டுபிடிக்க முடியாது.

எத்தனை வருடத்தில் எல்லாம் சரியாகும்?

அலை அடிக்கும் பாறைக்கரை இரண்டு மூன்று வருடத்தில் தேறும். சதுப்பும் அலையாத்தியும் பத்து, இருபது வருடம் எடுக்கும். சில விஷயங்களுக்குக் கணக்கே இல்லை. எக்ஸான் வால்டீஸ் நடந்து இருபது ஆண்டுக்குப் பிறகும், அலாஸ்காவின் சில கரைகளில் கூழாங்கற்களை விலக்கிச் சிறிது தோண்டினால் குழிக்குள் எண்ணெய் ஊறி வந்தது. வாசனைகூடப் போகவில்லை. அந்த விரிகுடாவில் ஏடி1 என்று பெயரிடப்பட்ட ஓர்காத் திமிங்கிலக் கூட்டம் ஒன்று உண்டு. விபத்துக்கு முன் 22 இருந்தன. விபத்தை ஒட்டிய காலத்தில் ஒன்பது காணாமல் போயின. அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை.